420 மீட்டர் ஸ்பேஸ்ஷிப், ரெண்டர்ல பாத்தா பென்சில் பாக்ஸ் மாதிரி இருக்கு, எங்க தப்பு பண்றேன்?

லேத்துக்கடை_பையன்

வணக்கங்க. ரெண்டு வருஷமா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன், கொஞ்சம் நீளமாப் போயிரும், பொறுத்துக்குங்க. எனக்கு கோயமுத்தூர்ல லேத் வொர்க்‌ஷாப்புல வேலை. பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர யூட்யூப் பாத்து கத்துக்கிட்டது, ராத்திரி வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் உக்காருவேன், அவ்வளவுதான். மூணு மாசமா ஒரே ஒரு ஸ்பேஸ்ஷிப்பத்தான் பண்ணிட்டிருக்கேன். எந்தப் படத்துல இருந்தும் எடுத்ததில்லைங்க, சொந்தமா யோசிச்சது. 1970கள்ல பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டிக்காரங்க டீடலஸ்னு ஒரு நட்சத்திரக் கப்பலுக்கு பேப்பர்லயே முழுசா டிசைன் போட்டாங்கல்ல, உருண்டை உருண்டையா டேங்க் வெச்சு, அதப் பாத்துத்தான் ஆசை வந்துச்சு. அதுல ஆள் கிடையாது, என்னோடதுல 60 பேர் போறாங்கன்னு வெச்சிருக்கேன்.

நீளம் 420 மீட்டர். அப்பிடியே 420 மீட்டருக்குப் போட்டா வியூபோர்ட்ல (மாடல் பண்ற திரை) தள்ளிப் போனதும் பாதிக் கப்பல் வெட்டிட்டு காணாமப் போகுது, அதனால 100 மீட்டர் ஒரு யூனிட்டுன்னு வெச்சு 4.2 மீட்டர்ல பண்ணிட்டேன். முன்னாடி கண்ணாடி வெச்ச பிரிட்ஜ் (கப்பல ஓட்டற அறை), ரெண்டு பக்கமும் வரிசையா ஜன்னல், அதுக்குப் பின்னாடி கிராவிட்டிக்கு சுத்தற சக்கரம் 30 மீட்டர் ஆரம், அப்புறம் 25 மீட்டர் குறுக்களவுல 4 உருண்டை டேங்க், கடைசில எஞ்சின். கிரீபிள் (மேல ஒட்டற குட்டிக் குட்டிச் சாமான்) மட்டும் 1,200 பீஸ் ஒட்டிருக்கேன், பைப்பு பெட்டி ஆன்டெனான்னு ஒரு எடம் விடல. பேனல் லைன் எல்லாம் நெசமாவே பள்ளமா வெட்டிருக்கேன். லைட்டு மூணு ஏரியா லைட், ஒரு ஸ்டூடியோ எச்டிஆர்ஐ (சுத்தி இருந்து வெளிச்சம் குடுக்கற போட்டோ). கேமராவுல டெப்த் ஆஃப் ஃபீல்டும் (ஃபோகஸ் இல்லாத எடத்த மங்கவெக்கறது) போட்டாச்சு, சினிமா லுக்கு வரும்னு சொன்னாங்க.

எல்லாம் பண்ணியும் ரெண்டர் (கம்ப்யூட்டர் வரைஞ்சு தர்ற கடைசிப் படம்) எடுத்தா பொம்மைங்க. என் தங்கச்சி பின்னாடி நின்னு பாத்துட்டு "அண்ணா இதென்ன பென்சில் பாக்ஸா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. படம் கீழ போட்டிருக்கேன். இன்னும் கிரீபிள் ஏத்தணுமா, இல்ல டெக்ஸ்ச்சர்லதான் விஷயமா?

அது போக ரெண்டு சில்லறைப் பிரச்சனை. பூலியன்ல (ஒரு வடிவத்த வெச்சு இன்னொண்ண வெட்டறது) ஹாட்ச் கதவு வெட்டின எடத்தச் சுத்தி கருப்பா அழுக்கு மாதிரி தெரியுது, ஓரத்த மழுக்க பெவல் போட்டா ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் ஒல்லியா வருது. லேப்டாப் 8 ஜிபி ரேம், பிளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டரர்ல எஃப்12 அமுத்துனா பத்துல நாலு தடவ பிளெண்டரே மூடிட்டுப் போயிருது.

நடுராத்திரி_ரெண்டர்

தம்பி, மாடல் நல்லாதான் இருக்கு, சக்கரத்துல ஸ்போக் வந்து சேர்ற எடத்தப் பாத்தாலே தெரியுது கைவேலைக்காரன்னு. கிரீபிள ஏத்தாத, எறக்கு. பிரச்சனை அங்க இல்ல.

உன் படத்துல பிரிட்ஜ் பளிச்சுனு இருக்கு, எஞ்சின் கிட்ட போகப் போக மங்கலா கரைஞ்சு போகுது. டெப்த் ஆஃப் ஃபீல்ட ஆன் பண்ணிட்டு எஃப் 2.8லயே விட்டிருக்க, சரியா? உன்ன மாட்டிவிட்டது அதுதான். பிளெண்டருக்கு உன் மனசுல இருக்கற 420 மீட்டர் தெரியாது, அதுக்கு தெரிஞ்சது 4.2 மீட்டர் சாமான், ஒரு கார் நீளம், அத 5 மீட்டர் தள்ளி நின்னு போட்டோ எடுத்தா எப்பிடி மங்குமோ அப்பிடி மங்கவெச்சிருக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 50 எம்எம் லென்ஸப் போட்டு அதே எஃப் 2.8ல 30 மீட்டருக்கு ஃபோகஸ் வெச்சுப் பாரு, சுமாரா 15 மீட்டர்ல ஆரம்பிச்சு அடிவானம் வரைக்கும் எல்லாமே ஷார்ப்பா விழும். நெசமான கப்பல அரை கிலோமீட்டர் தள்ளி நின்னு எடுத்தா மங்கறதுக்கு வழியே கிடையாது. நம்ம கண்ணுக்கு இது பழகிப்போன விஷயம், பின்பக்கம் மங்கினா உடனே இது டேபிள் மேல இருக்கற சாமான்னு முடிவு பண்ணிடும்.

அந்தக் காலத்துல மினியேச்சர் வெச்சு படம் எடுத்தவங்க இந்த மங்கல ஒழிக்கத்தான் உசுர விட்டாங்க. 2001 ஸ்பேஸ் ஒடிஸில வர்ற டிஸ்கவரி கப்பலோட பெரிய மாடலே 54 அடி. அவ்ளோ பெருசா கட்டியும் லென்ஸ் ஓட்டைய சின்னதா அடைச்சு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நிறைய நேரம் வெளிச்சம் குடுத்துத்தான் முழுக் கப்பலயும் ஷார்ப்பா புடிச்சாங்க. அவங்க காசும் தூக்கமும் செலவு பண்ணி ஒழிச்சத நீ ஒரு டிக் போட்டு திரும்ப கொண்டுவந்துட்ட 😀

அடுத்தது ஜன்னல். உன் வயர்ஃபிரேம் படத்துல ஒரு ஜன்னல் 0.06 யூனிட் இருக்கு. உன் கணக்குப்படி அது 6 மீட்டர். ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெச்சிருக்க, அப்ப பாக்கறவன் என்ன நினைப்பான், ஜன்னல்னா ஒரு மீட்டர் இருக்கும், அப்ப கப்பல் 70 மீட்டர்னுதான் நினைப்பான். கப்பல் ஃபிரேம் முழுக்க அடைச்சு நிக்குது, 1920 பிக்சல் அகலம், அப்ப ஒரு பிக்சலுக்கு 22 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் ஜன்னல்னா நாலஞ்சு பிக்சல்தான் வரும். புள்ளி மாதிரி தெரியும், தெரியட்டும், அந்தப் புள்ளிதான் உன் கப்பல பெருசாக்கும். பேனல் லைனும் இதே கதைதான், 0.005 ஆழத்துக்கு வெட்டிருக்க, அதாவது அரை மீட்டர் பள்ளம், ஆள் விழுந்தா கால் உடையும். அந்த வெட்டையெல்லாம் தூக்கிட்டு பேனலுக்கு பேனல் கலர்லயும் ரஃப்னஸ்லயும் லேசா வித்தியாசம் குடு, வெளிச்சம் சாய்வா விழும்போது மட்டும் பேனல் தெரியணும், அது போதும்.

பெவல் விஷயம் உனக்கு நான் சொல்லித்தரவே வேணாம், நீயே எனக்குச் சொல்லலாம். 50 எம்எம் ஷாஃப்ட் கடைஞ்சா ஓரத்துல சாம்பர், அதான் சாய்வு வெட்டு, எவ்வளவு குடுப்ப? ஒரு எம்எம் குடுப்பியா? அதே ஷாஃப்ட் ஒரு மீட்டர் குறுக்களவுன்னா 20 எம்எம் சாம்பர் குடுப்பியா, மாட்டல்ல? சாமான் பெருசாக ஆக அதோட அளவுக்கு ஓரம் கூர்மையாத்தான் தெரியும். நீ பெவல் 0.02 போட்டிருக்க, 2 மீட்டருக்கு மொழுக்குனு உருட்டிவிட்டிருக்க, அச்சுல ஊத்தின பிளாஸ்டிக்தான் அப்பிடி இருக்கும். தங்கச்சி சொன்னது கரெக்ட்டு. அதுக்காக சுத்தமா எடுத்துடாத, ஓரத்துல வெளிச்சம் ஒரு கோடா மின்னணும், அந்தக் கோட்டுக்கு ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் வர்ற அளவுக்கு வெச்சுக்க.

லைட்டு. அந்த ஸ்டூடியோ எச்டிஆர்ஐய மொதல்ல தூக்கு, அது ஷாம்பூ பாட்டில் விளம்பரத்துக்கு. ஒரே ஒரு சன் லைட், பூமில இருந்து பாத்தா சூரியன் அரை டிகிரி அகலம், அதே ஆங்கிள் போடு, நிழல் கத்தி மாதிரி விழும். வேர்ல்ட் கலர் முழுக் கருப்பு. நிழல் பக்கம் ஒண்ணுமே தெரியலையேன்னு பயப்படாத, வேணும்னா ஒரு கிரகம் பக்கத்துல இருக்கறதா வெச்சு அந்தப் பக்கத்துல இருந்து மங்கலா நீல வெளிச்சம் ஒண்ணு குடு. காத்து இல்லாத எடத்துல தூரம் கண்டுபுடிக்கறது கஷ்டம், மலை தூரமா போனா புகை மூட்டமா தெரியுமே அது அங்க நடக்காது, அதனால அளவு சொல்ற வேலையெல்லாம் நிழலும் ஜன்னலும்தான் பாக்கணும். அப்புறம் பின்னாடி அவ்ளோ நட்சத்திரம் எதுக்கு? அப்போலோக்காரங்க நிலாவுல எடுத்த போட்டோவுல வானம் வெறும் கருப்பு, வெயில் பட்ட தரைக்கு எக்ஸ்போஷர் வெச்சா நட்சத்திரம் விழாது.

சும்மா_பாக்கவந்தேன்

நான் 3டி எல்லாம் பண்றதில்ல, ஆனா அந்த ஆறு மீட்டர் ஜன்னல் வழியா உள்ள ஒரு ஆளு சின்னதா டீ குடிச்சிட்டு நின்னா சூப்பரா இருக்கும் ப்ரோ

கெல்வின்_மாமா

பசங்களா, லைட்டு லென்சு எல்லாம் அவர் சொல்லிட்டாரு, எனக்கு அது தெரியாது. நான் பிசிக்ஸ் வாத்தியார், ரிட்டயர்டு. கப்பலோட உடம்பப் பத்தி மட்டும் சொல்றேன்.

தம்பி, உன் கப்பல் பஸ் மாதிரி இருக்குப்பா. முன்னாடி டிரைவர் கண்ணாடி, பக்கத்துல ஜன்னல், பின்னாடி இன்ஜின். பஸ்ஸுல கீழ்னா ரோடு. இங்க கீழ் எது? எஞ்சின் தள்ளும்போது உள்ள இருக்கறவனுக்கு கீழ்னா எஞ்சின் இருக்கற பக்கம்தான். அப்ப மாடி எல்லாம் கப்பலோட நீளத்துக்குக் குறுக்க, ஒண்ணு மேல ஒண்ணா, அடுக்குமாடி வீடு மாதிரி வரணும். உன் ஜன்னல் வரிசைய 90 டிகிரி திருப்பினாலே பாதி சரியாயிடும். பிரிட்ஜுக்கு கண்ணாடியே தேவையில்ல. டீடலஸுக்கு போட்ட வேகம் ஒளியோட வேகத்துல 12 சதவீதம், அந்த வேகத்துல போகும்போது எதிர்ல வர்ற தூசி ஒண்ணொண்ணும் குண்டு. அதனாலதான் அவங்க முன்னாடி பெரிலியத்துல 50 டன்னுக்கு ஒரு தட்டு வெச்சாங்க, வெறும் 7 மில்லிமீட்டர் கனம். நீ மூஞ்சிலயே கண்ணாடிய வெச்சிருக்க.

டேங்க். டீடலஸ் 190 மீட்டர் நீளம், மொத்தம் 54,000 டன், அதுல 50,000 டன் எரிபொருள். புரியுதா, கப்பல்னு ஒண்ணு தனியா இல்ல, டேங்குக்கு நடுவுல கொஞ்சம் இரும்பு, அவ்வளவுதான். முதல் ஸ்டேஜுல 6 டேங்க், ரெண்டாவதுல 4. அதுவும் பர்னார்டு நட்சத்திரத்துக்கு 5.9 ஒளியாண்டு போயிட்டு நிக்காம அப்பிடியே கடந்து போற கப்பல், 50 வருஷப் பயணம். உன்னோடதுல 60 பேர் இருக்காங்க, அவங்க போய் எறங்க வேணாமா? வேகத்தக் கொறைக்க இன்னும் எரிபொருள் வேணும். உன் நாலு டேங்கும் சேத்து சுமார் 32,700 கன மீட்டர் வருது. திரவ ஹைட்ரஜன்னு வெச்சுக்கிட்டா ஒரு கன மீட்டர் 71 கிலோதான், மொத்தம் 2,300 டன் சொச்சம். சமையல் கேஸ் சிலிண்டர வெச்சுக்கிட்டு லாரி ஓட்டற மாதிரி. டேங்க பெருசாக்கு, கூச்சப்படாம பெருசாக்கு, பாக்கறவன் கண்ணு மொதல்ல அங்கதான் போகணும்.

சக்கரம். 30 மீட்டர் ஆரத்துல பூமி மாதிரி எடை வேணும்னா நிமிஷத்துக்கு அஞ்சரை சுத்து சுத்தணும், உள்ள இருக்கறவன் வாந்தி எடுத்தே செத்துப்போவான். நிமிஷத்துக்கு ரெண்டு சுத்துன்னா தாங்குவான், ஆனா அதுக்கு ஆரம் 224 மீட்டர் வேணும், உன் கப்பலவிட சக்கரம் பெருசாயிடும். நடுவால ஒரு வழி இருக்கு. ஆரம் 60 மீட்டர், எடை பூமில இருக்கறதுல பத்துல நாலு பங்கு போதும்னு வெச்சா நிமிஷத்துக்கு 2.4 சுத்துதான் வருது. முழுச் சக்கரம்கூட வேணாம், ரெண்டு கை நீட்டி நுனில கேபின் வெச்சா போதும். ஒரு வேடிக்கை சொல்றேன் கேளு, எஞ்சினும் தள்ளிட்டு கையும் சுத்திட்டு இருந்தா கேபினுக்குள்ள தரை சாய்ஞ்சு தெரியும். திருவிழாவுல சங்கிலில நாற்காலி தொங்கற ராட்டினம் சுத்தும்போது நாற்காலியெல்லாம் வெளிப்பக்கமா சாய்ஞ்சு பறக்குமே, அதே கணக்குதான். அதனால கேபின கீல்ல தொங்கவிடு. மாடல்ல அந்தக் கீல் தெரிஞ்சா அதுவே ஒரு அழகு, உன் கிரீபிள் ஆயிரத்தி இருநூறுக்கும் அது ஒண்ணே சமம்.

கடைசியா எல்லாரும் மறக்கறது, சூடு. வெளிய காத்தும் இல்ல தண்ணியும் இல்ல, சூட்ட ஒளியா அனுப்பறதத் தவிர வேற வழி கிடையாது. உன் எஞ்சின் 1 ஜிகாவாட் சூட்ட வீணா விடுதுன்னு சும்மா ஒரு கணக்குக்கு வெச்சுக்கோ. ரேடியேட்டர் 300 கெல்வின்ல இருந்தா, அதாவது 27 டிகிரி, நம்ம ஊர்ல சாதாரண நாள் மாதிரி, ஒரு சதுர மீட்டர் 459 வாட்தான் வெளிய விடும், ரெண்டு பக்கமும் சேத்தாக்கூட உனக்கு 1.09 சதுர கிலோமீட்டர் பலகை வேணும், 269 ஏக்கர். அதே ரேடியேட்டர 1,000 கெல்வின்ல ஓட்டினா 8,800 சதுர மீட்டர்ல முடிஞ்சிடும், ரெண்டு ஏக்கர் சொச்சம். வெப்பநிலை நாலாவது அடுக்குல ஏறுது, அதான் காரணம். 200 மீட்டர் நீளம் 22 மீட்டர் அகலத்துல ரெண்டே பலகை, எதிர் எதிர் பக்கமா ஒரே தளத்துல நீட்டு. நாலு வெச்சா ஒண்ணு விடற சூடு பக்கத்துல இருக்கறது மேல விழும். 1,000 கெல்வின்னா மங்கின சிவப்பா ஒளிரும், உனக்கு படம் அழகா வரும், கணக்கும் சரியா வரும். சர்வதேச விண்வெளி நிலையத்தோட போட்டோ எடுத்துப் பாரு, 109 மீட்டர் அகலம், சோலார் பலகைகளுக்கு நடுவுல வெள்ளையா மடிப்பு மடிப்பா ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், அது ரேடியேட்டர்தான், அம்மோனியா ஓடுது உள்ள, சூடாக்க இல்லப்பா, ஆத்த.

சும்மா_பாக்கவந்தேன்

மாமா தப்பா எடுத்துக்காதீங்க, இவ்ளோ பிசிக்ஸ் போட்டா அது ஸ்பேஸ்ஷிப் மாதிரி இருக்காது, மணலி பக்கம் ரிஃபைனரி மாதிரி இருக்கும். பையன் ஆசைக்கு ஒரு கப்பல் பண்றான், அதுக்கு 269 ஏக்கர் நிலம் வாங்கச் சொல்றீங்க

கெல்வின்_மாமா

ரிஃபைனரி ராத்திரில பாத்திருக்கியா? அழகாத்தான் இருக்கும்.

ஆனா நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மேல டிஸ்கவரி கப்பலப் பத்தி சொன்னாங்கல்ல, அதுக்கும் மொதல்ல பெரிய ரேடியேட்டர் வெச்சுத்தான் வரைஞ்சாங்க. பாக்கற ஜனங்க அத எறக்கைன்னு நினைச்சுடுவாங்க, காத்தே இல்லாத எடத்துல எறக்கை எதுக்குன்னு கேப்பாங்கன்னு எடுத்துட்டாங்க. தெரிஞ்சே விட்டாங்க. தெரிஞ்சு விடறது வேற, தெரியாம விடறது வேற. தம்பி, கணக்கு தெரிஞ்சுக்கோ, அப்புறம் உனக்குப் புடிக்கலன்னா தூக்கிப்போடு, நான் வந்து சண்டை போடமாட்டேன்.

போலிகன்_பொன்னி

எல்லாரும் கலையும் அறிவியலும் பேசிட்டீங்க, பையன் பிளெண்டர் மூடிக்குதுன்னு அழுதத யாரும் கண்டுக்கல.

பெவல் ஒரு பக்கம் தடிச்சு வர்றதுக்கு காரணம் நீ ஆப்ஜெக்ட் மோடுல இழுத்து நீட்டிருப்ப, ஸ்கேல் அப்ளை பண்ணிருக்க மாட்ட. கண்ட்ரோல் ஏ அமுக்கி ஸ்கேல் குடு, ஒண்ணு ஒண்ணுனு ஆயிடும், பெவல் சமமா வந்துடும். இது தெரியாம நான் ஒரு வருஷம் ஒவ்வொரு ஓரத்தையும் கையால சரிபண்ணிட்டு இருந்தேன், யார்கிட்டயும் சொல்லாத.

பூலியன் அழுக்கு. உன் ஹல் (கப்பலோட வெளி உடம்பு) சிலிண்டர் 32 பக்கம்தான் இருக்கு. வளைஞ்ச மேற்பரப்புல ஓட்டை போட்டா அந்த ஓட்டையோட முனையெல்லாம் தூரத்துல இருக்கற வெர்டெக்ஸோட போய் ஒட்டிக்கும், ஷேடிங் இழுபடும், அதான் கருப்பு. தட்டையான எடத்துல எத்தனை முனை இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, வளைவுலதான் வம்பு. சிலிண்டர ஆரம்பத்துலயே 96 இல்ல 128 பக்கம் வெச்சு எடு, வெட்டினதுக்கு அப்புறம் வெயிட்டட் நார்மல் மாடிஃபயர் ஒண்ணு கடைசியா போடு. பழைய வீடியோ பாத்து ஆட்டோ ஸ்மூத் எங்கன்னு தேடாத, பிளெண்டர் 4.1ல இருந்து அது பழைய எடத்துல இல்ல, ஸ்மூத் பை ஆங்கிள்னு மாடிஃபயரா வந்துடுச்சு. இன்னும் உண்மையச் சொல்லணும்னா வெட்டவே வேணாம். ஹாட்ச்ச தனி பீஸா செஞ்சு ஹல் மேல ஒட்டி வெச்சுடு, 400 மீட்டர் கப்பல்ல ஓட்டை நெசமா இருக்கான்னு யாரு வந்து விரல விட்டுப் பாக்கப்போறா.

கிராஷ். 1,200 கிரீபிளையும் ஷிஃப்ட் டி போட்டு காப்பி பண்ணிருக்கல்ல? ஒவ்வொண்ணும் தனி மெஷ்ஷா (வடிவத்தோட வலை) மெமரில உக்காந்திருக்கும். ஆல்ட் டி போட்டா ஒரே மெஷ்ஷ எல்லாரும் பங்கு போட்டுக்கும், 15 விதமான பீஸ் இருந்தா மெமரில 15 மெஷ்தான். ஏற்கனவே பண்ணத திரும்ப பண்ண வேணாம், ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் செலக்ட் பண்ணி கண்ட்ரோல் எல், லிங்க் ஆப்ஜெக்ட் டேட்டா. அதுக்கு மேல அந்த டேங்க். 64க்கு 32 உருண்டைல சப்டிவிஷன் (முகத்தப் பிரிச்சுப் பிரிச்சு வழவழப்பாக்கறது) 3 வெச்சிருக்க, ஒரு டேங்குக்கு கிட்டத்தட்ட 1,29,000 முகம். சப்டிவிஷனே இல்லாம ஷேட் ஸ்மூத் போட்டாலே அந்த தூரத்துக்கு உருண்டையாத்தான் தெரியும்.

அப்புறம் அளவு. வியூபோர்ட் வெட்டினதுக்கு பயந்து கப்பலயே நூறுல ஒரு பங்காக்கிட்டியே, என் பட்டர்பிஸ்கட்டு. கீபோர்டுல N எழுத்த அமுக்கு, வியூ டேப்ல கிளிப் எண்ட் 1,000 மீட்டர்னு இருக்கும், அத 10,000 ஆக்கு. கூடவே கிளிப் ஸ்டார்ட்ட ஒரு மீட்டர் ஆக்கு, அத மறந்தா பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு பரப்பு மினுக்கு மினுக்குனு சண்டை போடும். கேமராவுக்கு தனியா கிளிப் இருக்கு, அதையும் மாத்து, இல்லன்னா வியூபோர்ட்ல இருக்கு ரெண்டர்ல காணோம்னு இன்னொரு கேள்வி போடுவ. கப்பல பெருசாக்க ஒரு எம்ப்டி (வடிவமே இல்லாத வெறும் புள்ளி) போட்டு எல்லாத்தையும் அதுக்கு பேரன்ட் பண்ணி எம்ப்டிய 100 மடங்கு பண்ணு. எல்லா பக்கமும் சமமா பெருசாகறதால பெவல் கெடாது. ஆல்ட் டி பண்ணதுல ஸ்கேல் அப்ளை பண்ணப் போனா மெஷ்ஷ பல பேர் பங்கு போட்டிருக்காங்க முடியாதுன்னு மெசேஜ் வரும், அதான் எம்ப்டி.

கிரீபிள எங்க வெக்கறதுன்னு ஒரு வார்த்தை. நம்ம ஊர் கோபுரத்த தூரத்துல ரோட்டுல இருந்து பாரு, மொதல்ல மொத்த வடிவம் மட்டும் தெரியும், கொஞ்சம் கிட்ட வந்தா நிலை நிலையா பிரியும், வாசல்ல வந்து நிமிந்து பாத்தாத்தான் சுதைச் சிற்பம் ஒண்ணொண்ணா கண்ணுக்கு வரும். உன் கப்பல்ல மொத்த வடிவத்துக்கு அப்புறம் நேரா பொம்மைக்கு வந்துட்ட, நடுவுல நிலை இல்ல. பெருசு, நடுத்தரம், சின்னது மூணும் வேணும், சின்னதெல்லாம் கூட்டமா ஒரு எடத்துல, மத்த எடம் வெறுமையா. வெறுமையா இருந்தா தப்பில்ல, ஸ்டார் டிரெக் என்டர்பிரைஸ வரைஞ்ச மேட் ஜெஃப்ரீஸ் ரிப்பேர் எல்லாம் உள்ள இருந்தே பண்ணணும், வெளிய எதுக்கு சாமான்னு ஹல்ல வழவழன்னுதான் விட்டாரு. அந்த 11 அடி மாடல் இன்னிக்கும் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு.

லேத்துக்கடை_பையன்

நடுராத்திரி அண்ணா, பொன்னி அக்கா, மாமா, எல்லாருக்கும் நன்றிங்க, அன்னிக்கே பதில் போடணும்னு நினைச்சேன், வேலை ஜாஸ்தி, பத்து நாள் ஓடிப்போச்சு.

மொதல்ல டெப்த் ஆஃப் ஃபீல்ட மட்டும் ஆஃப் பண்ணி ஒரு ரெண்டர் எடுத்தேன், வேற எதையும் தொடல. நம்பமாட்டீங்க, அந்த ஒண்ணுலயே பாதி சரியாகிப்போச்சு. அந்த சாம்பர் கேள்விதான் சுருக்குனு பட்டுச்சு, தெனமும் கைல பண்ற வேலை, ஸ்கிரீன்ல மட்டும் ஏன் எனக்குத் தோணல. இப்ப பெவல் 20 சென்டிமீட்டர். பேனல் பள்ளம் எல்லாத்தையும் அழிச்சாச்சு, ரெண்டு வார வேலை அதுல இருந்துச்சு, அழிக்கறப்ப வயிறு எரிஞ்சுது.

அப்புறம் மாமா சொன்னத வெச்சு கப்பலயே மாத்திட்டேன். பிரிட்ஜ் இல்ல, முன்னாடி பெரிய தட்டு ஒண்ணு, அதுக்குப் பின்னாடி 9 மாடி. டேங்க் 6, ஒவ்வொண்ணும் 50 மீட்டர். சக்கரத்த எடுத்துட்டு ரெண்டு கை வெச்சாச்சு, கீலும் வெச்சாச்சு, கீல் பண்றப்பத்தான் எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு, புஷ், பின், லாக் நட்டு எல்லாம் நெசமா வொர்க்‌ஷாப்புல எப்பிடிப் போடுவமோ அப்பிடியே போட்டேன், ரெண்டர்ல மூணு பிக்சல்தான் வருது, பரவால்ல. ரேடியேட்டர் ரெண்டு. சும்மா_பாக்கவந்தேன் அண்ணா சொன்ன மாதிரி லேசா ரிஃபைனரி வாடை வருதுங்க, ஆனா எனக்குப் புடிச்சிருக்கு. கிரீபிள் 1,200ல இருந்து 340 ஆச்சு, கிராஷ் ஆகறதே இல்ல.

ஒரே சந்தேகம், ரேடியேட்டர் சிவப்பா ஒளிரறது பக்கத்து டேங்க் மேல பட்டு அதுவும் சிவப்பாயிருது, அது சரியா தப்பா? தங்கச்சி இந்தத் தடவ பென்சில் பாக்ஸ்னு சொல்லல, "இதுல யாரு இருக்காங்க"ன்னு கேட்டா.

கெல்வின்_மாமா

படத்துக்குச் சரி, கப்பலுக்குத் தப்பு. டேங்க் மேல சிவப்பு விழுதுன்னா சூடும் விழுதுன்னு அர்த்தம், உள்ள திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரில இருக்கு, கொதிச்சுப் போயிடும். ரேடியேட்டர பின்னாடி தள்ளு, டேங்குக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மறைப்புத் தகடு வை. உனக்கு இன்னொரு சாமான் கெடச்சுது பாரு.

வடிவா_அச்சடி

பிந்தி வாறதுக்கு மன்னிக்கோணும். புதுப் படம் பாத்தன் தம்பி, நல்ல வடிவா இருக்கு, அந்தக் கீல் எனக்குப் பிடிச்சிருக்கு. நான் இப்பிடியான கப்பலுகள 3டி பிரிண்டரில அடிச்சு பெயின்ட் பண்ணுறனான், அதால ஒண்டு சொல்லுறன். உங்கட கப்பல ஆயிரத்தில ஒரு பங்கா அடிச்சா 42 சென்டிமீட்டர் வரும், என்ர பிரிண்டர் மாதிரி 22 சென்டிமீட்டர் படுக்கையில ரெண்டா வெட்டித்தான் அடிக்கோணும். ஸ்கிரீனில பாக்க நல்லா இருக்கிறது எல்லாம் அச்சில வராது. ரேடியேட்டர் 20 சென்டிமீட்டர் கனம் எண்டு வச்சிருந்தா அது 0.2 மில்லிமீட்டர் ஆகிடும், நொசில் ஓட்டையே 0.4. பிரிண்டுக்கு எண்டு தனியா ஒரு பிரதி வச்சு அதில ஒரு மில்லிமீட்டராவது தடிப்பாக்குங்கோ. ஒட்டி வச்ச கிரீபிள், ஹாட்ச் எல்லாத்தையும் ஹல்லோட ஒரே உடம்பா சேர்த்துப்போடுங்கோ, இல்லாட்டி ஸ்லைசர் (மாடல அடுக்கடுக்கா வெட்டி பிரிண்டருக்குக் குடுக்கிற சாஃப்ட்வேர்) உள்ளுக்க எது வெளியில எது எண்டு தெரியாமக் குழம்பும். கைகளில வாற மெல்லிய கம்பியள அச்சடிக்கவே வேண்டாம், பித்தளைக் கம்பி வாங்கி ஒட்டினா காணும்.

எனக்கு எப்பவும் பிழைக்கிறது உருண்டையள்தான். அடுக்கு அடுக்கா கோடு தெரியும், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது.

லேத்துக்கடை_பையன்

அக்கா, 50 மீட்டர் டேங்க் ஆயிரத்துல ஒரு பங்குன்னா 50 எம்எம் உருண்டை. அத எதுக்குங்க பிரிண்ட் பண்ணணும், அலுமினியத்துல கடைஞ்சே போடலாமே! எங்க கடைல உருண்டை கடையற அட்டாச்மென்ட் இருக்கு, 55 எம்எம் ராடு துண்டு ஸ்கிராப்புல கெடக்கு. ஆறு உருண்டை ஒரு மத்தியானத்துக்குள்ள ஆயிரும். கீலையும் பித்தளைல பண்ணிடலாம்னு பாக்கறேன், ஆனா அரை எம்எம் பின் எங்க கடைல புடிக்கறதுக்கு காலெட் இல்ல. ஓனர்கிட்ட ஞாயித்துக்கிழமை மெஷின் கேட்டிருக்கேன், எதுக்குன்னு கேட்டாரு, சாமானுக்குன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்.

சும்மா_பாக்கவந்தேன்

ஆறு உருண்டைக்கும் ஃபோட்டோ போடு ப்ரோ. மங்கலா எடு 😂